கை அறிந்ததும் கருவி அளந்ததும்

விளையாட்டினை உடலின் தொழிலாகவும் அறிவினை மூளையின் தொழிலாகவும் பிரித்து நோக்கும் மனப்பாங்கு கற்றோர் மத்தியில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. கூடைப்பந்தாட்ட வீரரொருவர் எதிரணியினர் இருவருக்கிடையே பந்தைத் தட்டிக்கொண்டு, அதனை ஒருமுறையேனும் குனிந்து நோக்காது, ஊடறுத்துச் செல்வதைக் காண்போர் வியந்து நிற்பர். ஆனால் அவ்வியப்புக்கு அவர்கள் கூறும் விளக்கங்கள் பெரும்பாலும் இரண்டே. அது பிறவிக் கொடை என்பது ஒன்று. பன்முறை செய்து பழகியமையால் தசைகள் அதனை நினைவில் வைத்துக்கொண்டன என்பது மற்றொன்று. இவ்விரு விளக்கங்களும் தம்முள் மாறுபட்டவை போலத் தோன்றினும் அடிப்படையில் ஒரே கருத்தின் இரு வடிவங்களேயாம். கை எதனையும் அறிவதில்லை. பிறவியிற் பெற்றதையோ பழக்கத்திற் படிந்ததையோ அது திரும்பச் செய்கின்றது என்பதே அக்கருத்து.

இக்கருத்துத் தவறானது, தவறானது மட்டுமன்றித் தீங்கானதுமாகும். பந்தைக் கையாளும் திறன் என்பது தோலும் தசையும் கண்ணும் காதும் கணந்தோறும் தரும் செய்திகளைப் பெற்று, அவற்றுக்கேற்ப அடுத்த அசைவைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலாகும். அது அறிவின் ஒரு வகை. அதனை அறிவென ஏற்காதவர், அவ்வறிவுடையோர் கூறும் சான்றினையும் ஏற்கமாட்டார். அவ்வாறு ஏற்க மறுப்பதன் விளைவு யாது என்பதை 2006 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட உலகில் எழுந்த பந்துப் பிணக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

அமெரிக்காவின் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளை நடத்தும் என்.பி.ஏ. அமைப்பு நெடுங்காலமாகத் தோற்பந்தையே பயன்படுத்தி வந்தது. 2006 யூன் மாத இறுதியில் அவ்வமைப்பு ஓர் அறிவித்தலை விடுத்தது. அடுத்த போட்டிப் பருவம் முதல் ஸ்போல்டிங் கம்பனி தயாரித்த, நுண்ணிழைச் செயற்கைத் தோலினாலான பந்தே பயன்படுத்தப்படும் என்பது அதன் சாரம். எட்டுத் தோற்றுண்டுகளை இணைத்துச் செய்யப்பட்ட பழைய பந்தின் இடத்தில், ஒன்றோடொன்று கோத்துப் பொருந்தும் இரு துண்டுகளாலான புதிய பந்து வந்தது. இம்மாற்றத்துக்குக் கூறப்பட்ட நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இயற்கைத் தோல் ஒன்றைப் போல் ஒன்று அமைவதில்லை. புதிய தோற்பந்தைச் சில காலம் ஆடிப் பழக்கியெடுத்த பின்னரே போட்டிக்கு இறக்க முடியும். செயற்கைத் தோற்பந்தோ பெட்டியிலிருந்து எடுத்த அன்றே ஒரே தன்மையுடையதாயிருக்கும் என்றனர்.

பருவம் தொடங்குமுன் நடைபெற்ற ஆட்டங்களிலேயே வீரர்கள் முறையிடத் தொடங்கினர். உலர்ந்திருக்கும்போது பந்து விரல்களில் ஒட்டுகின்றது, வியர்வை பட்டதும் வழுக்குகின்றது, நிலத்திற் பட்டு எழும் முறை வேறுபடுகின்றது என்பன அவர்தம் முறைப்பாடுகள். ஷகீல் ஓநீல் அதனை விளையாட்டுச் சாமான் கடையில் விற்கப்படும் மலிவான பந்துடன் ஒப்பிட்டார். பந்தைக் கையாள்வதில் அக்காலத்தில் முதன்மை பெற்றிருந்த ஸ்டீவ் நாஷின் விரல்களில் புதிய பந்தின் உராய்வினால் வெடிப்புகள் ஏற்பட்டன. இவற்றைச் செவிமடுத்தோர் பலர் தந்த விடை எதிர்பார்க்கத்தக்கதே. ஆட்டக்காரர் பழக்கத்துக்கு அடிமைகள். எதனை மாற்றினாலும் முதலில் முணுமுணுப்பர். பின்னர் அதுவும் பழகிவிடும் என்றனர் அவர்கள். கோடிக்கணக்கில் ஊதியம் பெறுவோர் ஒரு பந்துக்காக அழுவதா என்ற ஏளனமும் கேட்டது.

இவ்விடத்திற்றான் பௌதிகவியல் குறுக்கிட்டது. டலஸ் அணியின் உரிமையாளரான மார்க் கியூபனின் வேண்டுகோளுக்கிணங்க, ஆர்லிங்டனிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியலாளர் இருவகைப் பந்துகளையும் சோதித்தனர். புதிய பந்து தோற்பந்திலும் 5 முதல் 8 சதவீதம் வரை குறைந்த உயரத்துக்கே எழுந்தது. எழும் திசையில் ஒழுங்கின்மை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருந்தது. உலர்ந்த நிலையில் அதன் உராய்வு தோலின் உராய்வினை விஞ்சியது. ஈரம் பட்டதும் அது பெரிதும் வீழ்ச்சியுற்றது. தோல் ஈரத்தை உள்வாங்கிக்கொள்கின்றது. செயற்கைத் தோலில் ஈரம் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றது. இம்முடிவுகளை வீரர்களின் முறைப்பாடுகளோடு ஒப்பிட்டு நோக்குக. ஒட்டுதல், வழுக்குதல், துள்ளலின் மாற்றம் ஆகிய மூன்றும் ஒன்றும் தவறாது அங்கே உள்ளன. ஆய்வுகூடத்துக் கருவிகள் அளந்து கூறுமுன் வீரர்களின் கைகள் அதனைக் கூறிவிட்டன. பழக்கத்தின் முணுமுணுப்பு என ஒதுக்கப்பட்டது உண்மையில் ஓர் அளவீடாக இருந்தது.

புதிய பந்து கூடிய சீர்மையுடையது என்பதைத் தம் சோதனைகள் நிறுவின என்று அதனை அறிமுகப்படுத்தியோர் வாதித்தனர். அவ்வாதத்தை முற்றாக மறுக்க வேண்டியதில்லை. ஆயின் எந்தச் சீர்மை என்ற வினாவை எழுப்புதல் வேண்டும். ஒரு பந்துக்கும் மற்றொரு பந்துக்குமிடையே உள்ள ஒற்றுமை ஒன்று. கையிலுள்ள இதே பந்து அடுத்த துள்ளலில் எங்கே எழும், ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வியர்வை படிந்த விரலில் எவ்வாறு அமையும் என்பது வேறொன்று. முன்னையது பந்தைச் செய்வோனுக்கு வேண்டிய சீர்மை. பின்னையது பந்தை ஆடுவோனுக்கு வேண்டிய சீர்மை. முன்னையதை மட்டும் அளந்துவிட்டுப் பின்னையதும் அளக்கப்பட்டுவிட்டதெனக் கொண்டமையே அங்கு நேர்ந்த தவறு.

இனி, கை இவற்றையெல்லாம் எவ்வாறு அறிகின்றது என்பதை நோக்குதல் தகும். உள்ளங்கையினதும் விரல்களினதும் தோலில் தொடுகையை உணரும் வாங்கிகள் செறிந்துள்ளன. சுவீடனைச் சேர்ந்த யொஹான்சன், வல்போ ஆகியோர் 1979 இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஒரு கையில் இத்தகைய உணர்நரம்பு அலகுகள் ஏறத்தாழ 17,000 உள. இவை யாவும் ஒரே தொழிலைச் செய்வனவல்ல. சில அழுத்தத்தையும் விளிம்பினையும் உணர்கின்றன. சில தோல் இழுபடுவதை உணர்கின்றன. சில நுண்ணிய அதிர்வினை உணர்கின்றன. சில பொருள் வழுக்கத் தொடங்கும் அக்கணத்தையே உணர்கின்றன. விரல்நுனியில் இவை மிகச் செறிவாகவுள்ளன. பந்தை உள்ளங்கையால் அறையாது விரல்களால் தட்டுமாறு பயிற்றுநர் வற்புறுத்துவதற்கு ஏனைய காரணங்களோடு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். பந்தின் மேலுள்ள சிறு புடைப்புகளும் துண்டுகளுக்கிடைப்பட்ட வரிப்பள்ளங்களும் பிடிக்கு உதவுவதுடன் விரல்கள் படித்தறியும் எழுத்துகளாகவும் அமைகின்றன.

யொஹான்சனும் வெஸ்லிங்கும் 1984 இல் வெளியிட்ட பரிசோதனைகள் இதனை மேலும் விளக்குகின்றன. பட்டு, மென்தோல், மணற்கடதாசி ஆகியவற்றாற் போர்த்தப்பட்ட சிறு பொருள்களை இரு விரல்களால் தூக்குமாறு அவர்கள் பணித்தனர். எடை ஒன்றாயிருந்தும், மேற்பரப்பின் வழுக்குத்தன்மைக்கேற்ப விரல்கள் பிடியின் இறுக்கத்தைத் தாமே மாற்றிக்கொண்டன. பொருள் சற்று வழுக்கியதும் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கிலும் குறைந்த நேரத்தில் பிடி இறுகியது. ஓர் ஒளியைக் கண்டு விரலை அசைக்கும் மிக எளிய செயலுக்கே ஏறத்தாழ ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு வேண்டும் என்பதை இதனோடு ஒப்பிடுக. விரல்நுனிகளை மருந்தினால் மரக்கச் செய்தபோது மேற்பரப்புக்கேற்பப் பிடியை அமைக்கும் அவ்வாற்றல் குன்றியது. இப்பரிசோதனைகள் கூடைப்பந்தைக் கொண்டு செய்யப்பட்டவையல்ல. எனினும் பந்தொன்றை ஏந்தி, திருப்பி, எறிந்து கொடுக்கும் விரல்கள் அதே விரல்கள்தாம். அவற்றிலுள்ள வாங்கிகளும் அவையேதாம். ஈரத்தால் வழுக்கும் மேற்பரப்பொன்று அவ்விரல்களுக்கு எத்தகைய இடர் விளைக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

தோலுக்கு அடியிலும் ஓர் அறிவு உண்டு. தசைகள், தசைநாண்கள், மூட்டுகள் ஆகியவற்றிலுள்ள வாங்கிகள் உறுப்புகள் எந்நிலையில் உள்ளன, எவ்வாறு அசைகின்றன என்பதை இடையறாது மூளைக்கு அறிவிக்கின்றன. உடல் தன்னைத் தானே அறியும் இவ்வுணர்வுக்கு 1906 இல் ஆங்கில உடற்றொழிலியலாளர் ஷெரிங்டன் தனிப்பெயர் வழங்கினார். தசைகள் நினைவு கொள்கின்றன என்போர் இயன் வோட்டர்மன் என்பவரின் வரலாற்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். 1971 இல், தமது பத்தொன்பதாவது வயதில், நோயொன்றின் விளைவாக இவ்வாங்கல தேசத்தவர் கழுத்துக்குக் கீழே தொடுகையுணர்வையும் உறுப்புநிலையுணர்வையும் இழந்தார். அவருடைய தசைகளுக்கு எவ்வூறும் நேரவில்லை. அவற்றை இயக்கும் நரம்புகளும் செயற்பட்டன. ஆயினும் அவரால் எழுந்து நிற்கவும் இயலவில்லை. அவருடைய தசைகள் எதனையும் நினைவில் வைத்திருக்கவில்லை. கண்ணால் ஒவ்வோர் உறுப்பையும் நோக்கி நோக்கி, அரிதின் முயன்று அவர் மீண்டும் நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் நிலைகுலைந்து விழுவார். திறன் தசையில் உறைவதன்று, தசையிலிருந்து மூளைக்கும் மூளையிலிருந்து தசைக்கும் ஓயாது செல்லும் செய்தியில் உறைவது என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

இவ்வுண்மையை ஏற்காமையால் பயிற்சிக் களத்தில் விளையும் தீமையும் சிறிதன்று. பந்தைப் பார்க்காதே என்பது கூடைப்பந்தாட்டப் பயிற்றுநரின் முதற் கட்டளையாகப் பலவிடத்தும் வழங்குகின்றது. தலையை நிமிர்த்தி ஆடும் வீரரே தோழரையும் எதிரியையும் காண்பார் என்ற அளவில் இக்கட்டளையின் நோக்கம் சரியானதே. ஆனால் பந்தை முதன்முதலாகத் தொடும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் அதே கட்டளையை விதித்து, தவறும்போதெல்லாம் ஏசுவது நியாயமாகுமா? பிளெய்ஷ்மன், ரிச் என்னும் ஆய்வாளர் இரு கைகளையும் இசைவித்துச் செய்யும் வேலையொன்றைக் கற்போரை ஆராய்ந்து 1963 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். கற்றலின் தொடக்கத்தில் கண்வழி இடத்தை உணரும் ஆற்றல் மிக்கோரும், பிற்பகுதியில் உறுப்பசைவை நுண்ணிதின் உணரும் ஆற்றல் மிக்கோரும் முன்னின்றனர் என்பதே அம்முடிவு. கைக்கு எழுத்தறிவிக்கும் முதல் ஆசான் கண்ணே. அவ்வாசானை முதல் நாளிலேயே வகுப்பைவிட்டு வெளியேற்றிவிட்டு மாணவன் கற்கவில்லை எனக் குறைகூறுவது பொருந்தாது.

அவ்வாறாயின் எப்போதும் பார்த்தே பழகலாமெனச் சிலர் கூறக்கூடும். அதுவும் தவறு. கனடாவைச் சேர்ந்த புரோட்டோவும் அவருடைய சகாக்களும் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கொன்றை நோக்கிக் கையை நகர்த்தும் செயலைச் சிலர் 200 முறையும் சிலர் 2000 முறையும் பயின்றனர். கையைக் கண்ணாற் கண்டு பயின்றோரிடமிருந்து அக்காட்சியை மறைத்தபோது, 200 முறை பயின்றோரிலும் 2000 முறை பயின்றோரே கூடுதலாகத் தடுமாறினர். பயிற்சி பெருகப் பெருகக் கண்ணின் துணை வேண்டாததாகும் என்ற பொது நம்பிக்கைக்கு இம்முடிவு நேர்மாறானது. எந்தப் புலனைக் கொண்டு பயில்கின்றோமோ அந்தப் புலனையே திறன் சார்ந்து நிற்கும் என்பதே இதன் பொருள்.

மேற்கூறிய இரு ஆய்வுகளும் சேர்ந்து பயிற்றுநருக்குச் சொல்லும் நெறி தெளிவானது. தொடக்கத்திற் பார்க்கவிடுக, கை ஓரளவு பழகியதும் பார்வையைப் படிப்படியாக விலக்குக, அது நிலைத்த சார்பாக மாறுமுன் விலக்குக. பார்வையின் கீழ்ப்புறத்தை மறைக்கும் பயிற்சிக் கண்ணாடிகள் சந்தையிலுள்ளன. உரிய கட்டத்தில் உரிய அளவுக்கு அணியும்போது அவை பயன் தரக்கூடும். அவற்றை அணிந்தவுடனேயே திறன் வந்துவிடும் என எண்ணுவது கருவியின்மீது கொண்ட மூடபக்தியேயாகும்.

புலன்களுள் ஒன்றை அரசாக்கி ஏனையவற்றை அடிமையாக்குவதும் பொருந்தாது. பந்து நிலத்தில் மோதும் ஒலி தட்டுதலின் சீரினைக் காதுக்கு உணர்த்துகின்றது. காற்றுக் குறைந்த பந்தை அதன் ஒலியைக் கொண்டே பழகியவர் இனங்காண்பர். எனினும் செவிப்புலன் பெரிதும் குன்றிய லான்ஸ் ஆல்ரெட் 2008 இல் கிளீவ்லாந்து அணிக்காக என்.பி.ஏ. போட்டியில் ஆடினார். ஒரு வழி அடைபட்டால் மற்றை வழிகளால் அறிந்துகொள்ளும் நெகிழ்ச்சி அறிவுக்கே உரிய இயல்பு. பொறிபோல் இயங்கும் வெறும் பழக்கத்திடம் அந்நெகிழ்ச்சியை எதிர்பார்க்க முடியாது.

மீண்டும் 2006 ஆம் ஆண்டுக்கு வருவோம். கைகளின் சான்றுக்கெதிராகக் கூறத்தக்க மிக வலிய வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. புதிய பந்து வந்தபின் வீரர்களின் எறிதிறனும் பெற்ற புள்ளிகளும் உயர்ந்தன. பந்தைத் தவறவிடுதலும் குறைந்தது. இவை என்.பி.ஏ. ஆணையாளர் டேவிட் ஸ்டேர்ண் தாமே எடுத்துக்காட்டிய புள்ளிவிவரங்கள். அவ்வாறாயின் வீரர்கள் முறையிட்டது வீண்தானா? அன்று. புதிய பந்து ஆட்டத்தைக் கெடுத்தது என்று இப்புள்ளிவிவரங்களைக் கொண்டு நிறுவ முடியாது. அதனை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் பந்தின் இயல்பு மாறிவிட்டது என்பதே கைகள் கூறிய செய்தி. அச்செய்தி உண்மையென ஆய்வுகூடம் காட்டிற்று. தேர்ந்த கை மாறிய பந்துக்கும் தன்னைப் பொருத்திக்கொள்ளும். அதற்கு அது கொடுத்த விலையாகிய கவனமும் வெடித்த விரலும் புள்ளிப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. உழைப்பவன் எப்படியோ வேலையை முடித்துவிட்டான் என்பதால் அவனுக்குக் கொடுத்த கருவி நன்றென்றாகிவிடாது.

இறுதியில் ஆணையாளரும் இவ்வுண்மைக்குப் பணிந்தார். 2006 டிசெம்பர் தொடக்கத்தில் வீரர்களின் தொழிற்சங்கம், தம்மைக் கலந்துகொள்ளாது பந்தை மாற்றியமை முறையற்ற தொழிற் செயலெனத் தேசியத் தொழிலுறவுச் சபையில் முறையீடு செய்தது. அம்மாத நடுப்பகுதிக்குள், புள்ளிவிவரங்கள் எவ்வாறிருப்பினும் வீரர்களின் கருத்தே முதன்மையானது என்ற கருத்துப்பட ஆணையாளர் அறிவித்தார். 2007 சனவரி 1 முதல் தோற்பந்து மீண்டது. இதனைத் தோலுக்கும் செயற்கைத் தோலுக்குமிடையிலான போரெனக் கொள்வது பிழை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டிகளில் செயற்கைத் தோற்பந்துகள் அக்காலத்திலும் வழக்கிலிருந்தன. விலங்குகளின் தோலைத் தவிர்க்க விரும்புவோரின் எண்ணமும் மதிக்கத்தக்கது. எனவே, பந்தின் மூலப்பொருளைக் காட்டிலும் அதனை மாற்றிய முறையே ஈண்டுக் கண்டனத்துக்குரியது. நாள்தோறும் அப்பந்தைக் கையில் ஏந்துவோரை இறுதியாகக் கேட்டனர். முதலிற் கேட்டிருக்க வேண்டும்.

இவ்விளையாட்டின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1891 டிசெம்பரில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை அமைத்தபோது அவர் வகுத்த 13 விதிகளில் பந்தைத் தட்டிச் செல்லுதல் இடம்பெறவில்லை. பந்தை ஏந்தியவர் ஏந்திய இடத்திலிருந்தே அதனை எறிதல் வேண்டும் என்பதே விதி. எதிரிகளாற் சூழப்பட்ட ஆட்டக்காரர், பந்தை நிலத்தில் எறிந்து தாமே மீண்டும் பற்றிக்கொள்ளும் உபாயத்தைக் கண்டுபிடித்தனர். விதிகள் பின்னரே அதனை ஏற்று ஒழுங்குபடுத்தின. இன்று இவ்வாட்டத்தின் அழகெனப் போற்றப்படும் திறன் ஏட்டில் எழுதப்படுமுன் ஆடுவோரின் கைகளிற் பிறந்தது.

ஆதலின் சில முடிவுகளை வற்புறுத்திக் கூறுதல் அவசியமாகின்றது. பந்தோ களத்தின் தளமோ மாற்றப்படும்போது, அதனைப் பயன்படுத்துவோரின் புலனறிவைச் சான்றாக ஏற்று முன்னதாகவே சோதித்தல் வேண்டும். பயிற்றுநர் பிறவிக் கொடை என்ற சொல்லைக் கைவிட்டு, கற்போர் இன்று எந்தப் புலனைக் கொண்டு ஆடுகின்றனர், நாளை எந்தப் புலனைக் கொண்டு ஆட வேண்டும் என்ற வினாவை எழுப்புதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூலைப் படிப்பவனுக்கே அறிவுண்டு, பந்தைத் தட்டுபவனுக்குப் பழக்கமே உண்டு என்ற பாகுபாட்டைப் பல்கலைக்கழகங்கள் இனியும் பேணலாகாது. விரிவுரை மண்டபத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்குமிடையே அப்பாகுபாடு எழுப்பிய சுவர் தகர்ந்தாலன்றி, உடற்றொழிலியலும் உளவியலும் கண்ட உண்மைகள் மைதானத்தை அடையா. மைதானத்திற் கைகள் கண்ட உண்மைகளும் விரிவுரை மண்டபத்தை அடையா.